நகரும் சுவர்கள்

அலுவலகத்தை எப்படி அமைப்பது என்பதும், அமைத்ததை யார் பார்த்துக்கொள்வது என்பதும் நெடுங்காலம் வெவ்வேறு கேள்விகளாகவே இருந்தன. முதலாவதற்குக் கட்டடக் கலைஞர் பொறுப்பு. இரண்டாவது காவலாளி, எலக்ட்ரீஷியன், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் தலையில் விழுந்தது. இரண்டையும் சேர்த்து யோசித்தவர்கள் மிகச் சிலர்.

அவர்களில் ஒருவர் ஃபிராங்க் லாயிட் ரைட். தபால் வழியே சோப்பு விற்ற லார்க்கின் நிறுவனத்துக்காக அமெரிக்காவின் பஃபலோ நகரில் அவர் கட்டிய அலுவலகம் 1906இல் திறக்கப்பட்டது. அருகிலேயே ரயில் பாதை. புகையும் கரியும் நுழையாதபடி கட்டடத்தை இறுக மூடி, காற்றைச் சுத்தப்படுத்தி உள்ளே அனுப்பினார். நடுவில் கண்ணாடிக் கூரையிலிருந்து வெளிச்சம் இறங்கும் உயரமான கூடம். எழுத்தர்களின் இருக்கைகள் மேசையோடு பொருத்தப்பட்டிருந்ததால், தரையைப் பெருக்குபவர் நாற்காலிகளை இழுத்து இழுத்துப் போட வேண்டியதில்லை. பெருக்குபவரின் சிரமத்தைக் குறைத்தது நல்ல யோசனைதான். உட்கார்ந்தவருக்கோ நாற்காலியைத் தம் வசதிப்படி போட்டுக்கொள்ள வழியில்லை. 1950இல் அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டது.

1950களின் இறுதியில், ஹாம்பர்க் அருகே குவிக்போர்ன் என்ற ஊரில் ஷ்னெல்லே சகோதரர்கள் உள்சுவர்களையே வேண்டாம் என்றார்கள். யாரிடமிருந்து யாருக்குக் காகிதம் போகிறது, யார் யாரோடு பேச வேண்டியிருக்கிறது என்று ஆராய்ந்து, அதற்கேற்ப மேசைகளைச் செடித்தொட்டிகளுக்கு நடுவே போட்டார்கள். அதிகாரிக்கும் தனியறை கிடையாது. அந்தச் சமத்துவம் பாராட்டத்தக்கது, சத்தம்தான் தீரவில்லை.

பெரிய திருப்பம் 1968இல் வந்தது. ஹெர்மன் மில்லர் என்ற அமெரிக்க மேசை நாற்காலி நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவை நடத்திய ராபர்ட் ப்ராப்ஸ்ட், 'ஆக்‌ஷன் ஆஃபீஸ்' அமைப்பின் இரண்டாம் வடிவத்தை அறிமுகப்படுத்தினார். தடுப்புப் பலகைகள், அவற்றில் வேண்டிய உயரத்தில் மாட்டிக்கொள்ளும் மேசைப் பலகை, அலமாரி. நாள் முழுதும் ஒரே நிலையில் உட்கார்ந்திருப்பது உடலுக்கு ஆகாது என்று நம்பியவர் அவர். நின்றும் வேலை பார்க்க இடம் வைத்தார். பலகைகளைத் தேன்கூட்டின் அறை போல 120 பாகையில் விரித்து வைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். வாங்கிய நிறுவனங்கள் 90 பாகையில் மூடின. அதிகம் பேரை அடைக்க அதுவே தோதாக இருந்தது. மனிதர் அசைந்து வேலை செய்வதற்காகப் பிறந்த பலகை, அவரை அடைக்கும் பெட்டியானது. 2000இல் இறந்த ப்ராப்ஸ்ட், கடைசிக் காலத்தில் இதை எண்ணி வெளிப்படையாகவே வருந்தினார்.

ஆனால் நகரும் சுவர் இன்னொன்றையும் உண்டாக்கியது. செங்கல் சுவர் கட்டியதோடு முடிந்துவிடும். பலகைச் சுவரை ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் கழற்றி மாட்ட வேண்டும்; கூடவே மின்கம்பி, தொலைபேசி, விளக்கு, குளிர்காற்று வரும் திறப்பு எல்லாம் இடம் மாற வேண்டும். இதற்கென்றே ஆள் தேவைப்பட்டது. 1979இல் ஹெர்மன் மில்லரே மிஷிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் இந்த வேலைக்கென ஒரு வசதி மேலாண்மைக் கழகத்தைத் தொடங்கியது. மறு ஆண்டு இத்துறையினருக்கு ஒரு சங்கம் அமைந்தது. 1982இல் அது சர்வதேசச் சங்கமானது. 2018இல் இத்துறைக்கென்று ஐஎஸ்ஓ 41001 என்ற சர்வதேசத் தரநிலை வந்தது.

வேலை செய்பவரின் குரல் இதில் எங்கே நிற்கிறது? நெதர்லாந்தின் அப்பெல்டோர்னில் 1972இல் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் கட்டிய சென்ட்ரால் பெஹேர் அலுவலகத்தில், ஊழியர்களே தம் மூலையைச் செடியும் படமும் வைத்து நிரப்பிக்கொள்ளும்படி விட்டார்கள். அப்படிக் கேட்டுச் செய்யப்பட்ட இடங்கள் குறைவு. பல இடங்களில் சட்டம் தலையிட்டால்தான் நாற்காலியே கிடைக்கிறது: கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டின் சட்டம் திருத்தப்பட்டது 2021இல்தான்.

அமைத்ததைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்போ, ஒழுங்காக நடக்கும்வரை யார் கண்ணிலும் படுவதில்லை. அதனாலேயே செலவைக் குறைக்கும்போது முதலில் அதில் கை வைக்கிறார்கள். காற்று வடிகட்டியை ஓராண்டு மாற்றாமல் விட்டாலும் அன்றைக்கே எதுவும் நின்றுவிடாது. தலைவலியும் சோர்வும் மெல்லத்தான் வரும். 2020இல் கொரோனா பரவியபோது அறைக்குள் காற்று எவ்வளவு மாறுகிறது என்பது திடீரென்று எல்லோருடைய கவலையும் ஆனது. மற்றவர்கள் வீட்டிலிருந்து வேலை செய்த அந்த மாதங்களிலும் பராமரிப்புப் பணியாளர்கள் காலிக் கட்டடங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள். தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி பெருகாமலிருக்க, ஆளில்லாத மாடிகளில் குழாய்களைத் திறந்துவிடுவதும் அவர்கள் வேலைகளில் ஒன்று.