பேர், அரைப்பேர்

"இன்னைக்கிப் பேரு விழுந்திச்சா?"
"எங்க? அரைப்பேருதான் போட்டாங்க."

தெமோதரையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இந்தப் பேச்சுக்கு யாரும் விளக்கம் கேட்கமாட்டாங்க. கொழும்பிலிருந்து வரும் நண்பர்களுக்குத்தான் நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கு. இங்கே ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.

பேர் எல்லாத் தமிழருக்கும் தெரிந்த சொல். நம்மைக் கூப்பிட ஒரு பேர். ஆளை எண்ணவும் அதே சொல்: பத்துப் பேர் வந்தாங்க. நல்லா வாழ்ந்தா பேரெடுக்கிறோம். மகனுக்குப் பிறந்தவன் பேரன், அதாவது தாத்தா பெயரைச் சுமப்பவன்.

தோட்டத்தில் இது செக்ரோல் சொல்லும்கூட. காலையில் பெரட்டுக்குப் போய், மலையேறி, சொன்ன கிலோ கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். மழையோ வெயிலோ, கொழுந்து இல்லாத மலையோ, நின்ற நேரம் அதேதான். ஆனாலும் பாதிச் சம்பளம்.

பேர் இல்லாமல் போனதும் எங்கள் சனத்துக்குப் புதுசில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசிலிருந்து 7 பேர் பாராளுமன்றம் போனாங்க. 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்து வாக்காளர் இடாப்பிலும் அவர்களுக்கு இடமில்லாமல் போனது. நாட்டுக் கணக்கில் பேர் இல்லை. செக்ரோலில் மட்டும் இருந்தது. மிஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இப்போது ஓட்டு இருக்கு, அடையாள அட்டை இருக்கு. ஆனால் அரைப்பேர் போகவில்லை. 2021இல் நாள் சம்பளம் 1000 ரூபா என்றாங்க. 2024இல் 1350 என்றாங்க. ஒவ்வொரு தடவையும் பேப்பரிலும் மேடையிலும் ரூபாக் கணக்கைத்தான் பேசினாங்க. ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்பதைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. அது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். கிலோவைக் கூட்டினால், கூடின சம்பளம் அரைப்பேராகிக் கையை விட்டுப் போயிடும்.

அதனால் அடுத்த முறை சம்பள உயர்வு என்று சேதி வரும்போது, எவ்வளவு என்று மட்டும் கேட்டு நிறுத்திட வேண்டாம். எத்தனை கிலோவுக்கு என்றும் கேளுங்க. மழைநாளில் என்ன செய்வாங்க என்றும் கேளுங்க. எங்கள் அம்மாமார் தராசுக்கு முன்னால நின்று தினமும் கேட்கிற கேள்வி அது. நாங்களும் சேர்ந்து சத்தமா கேட்கணும்.