கரும்புக்குள் சின்னத்தம்பி

2019 பிப்ரவரி முதல் வாரம். திருப்பூரில் எந்த பனியன் கம்பெனிக்குள் நுழைந்தாலும் பேச்சு ஒன்றுதான்: காட்டு யானை சின்னத்தம்பி இப்போது எங்கே நிற்கிறான்? செக்கிங் டேபிளில் பெண்கள் பீஸைப் புரட்டிக்கொண்டே செல்போனில் அந்த வீடியோவைப் பார்த்தார்கள். ஜேசிபி தள்ள, பழக்கிய கும்கி யானை முட்ட, தந்தம் உடைந்து அவன் லாரி ஏறும் வீடியோ. கண் கலங்கியவர்கள் உண்டு. எனக்கு வேறு கவலை. அவன் நின்றது என் மாமாவின் ஊர்ப் பக்கம்.

கோவை தடாகம் பள்ளத்தாக்கில் சோளமும் வாழையும் தின்று பழகியவன். பெயர் வைத்ததும் அந்த ஊர்க்காரர்கள்தான். அவன் கூட்டாளி விநாயகனை 2018 டிசம்பரில் பிடித்து முதுமலையில் விட்டார்கள். ஜனவரி 25-ல் இவனுக்கும் மயக்க ஊசி போட்டு, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, டாப்சிலிப் பக்கம் வரகளியாறில் இறக்கினார்கள். ஒரு வாரம்கூட அங்கே தங்கவில்லை. அங்கலக்குறிச்சியில் மலையை விட்டிறங்கி, உடுமலையைத் தாண்டி, கிருஷ்ணாபுரம் அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை வளாகத்துக்கே வந்துவிட்டான். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் நடை என்றார்கள். சுற்றிலும் வெட்டுக்கு நிற்கும் கரும்பு, ஒதுங்க முள்காடு, குடிக்கக் குளம். வேறென்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை லீவில் பஸ் ஏறினேன். மடத்துக்குளத்திலிருந்து போகும் வழியெல்லாம் வண்டிகள். ஐஸ்காரர், கடலைக்காரர், தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்தவர்கள். போலீஸ் கயிறு கட்டித் தடுத்தும் வரப்பு வரப்பாக ஜனம் இறங்கியது. சொட்டுநீர்க் குழாய்கள் கால்பட்டுப் பிய்ந்து கிடந்தன. மாமா அதில் ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினார்.

"ஆனை தின்னது அரைக்கா ஏக்கரு மாப்பிள்ளை. ஆனையப் பாக்க வந்தவன் மிதிச்சது அதுக்கு மேல."

பிற்பகலில் கரும்பின் தோகை ஓரிடத்தில் மட்டும் அசைந்தது. பிறகு முதுகு தெரிந்தது, செம்மண் பூசியபடி. ஒரு தூரைத் தும்பிக்கையால் சுற்றி இழுத்தான். வேரோடு வந்ததை முன்னங்காலில் இரண்டு தட்டுத் தட்டி மண்ணை உதிர்த்துவிட்டு, குறுக்கே முறித்து வாயில் வைத்தான். கரும்பு நொறுங்கும் சத்தம் வரப்பில் நின்ற எங்களுக்குக் கேட்டது. அவசரமே இல்லை. விரட்ட வந்த கும்கி கலீம் பக்கத்தில் நிற்க, அதன் தும்பிக்கையோடு தன் தும்பிக்கையைக் கோத்து விளையாடவும் செய்தான். இப்படி ஒரு விரோதியோடு யார் சண்டை போடுவது?

ஆனாலும் சண்டை நடந்தது, மனிதர்களுக்குள். கும்கியாக்குவோம் என்றார் வனத்துறை அமைச்சர். காட்டில் விடு என்று போராட்டம் கிளம்பியது. வழக்கு உயர்நீதிமன்றம் போனது. கும்கியாக்கும் எண்ணமில்லை என்று அங்கே சொல்லப்பட்டது. யானை ஆய்வாளர் அஜய் தேசாய் நேரில் வந்து பார்த்தார். அதற்குள் அவன் கண்ணாடிப்புத்தூர் கரும்புக்கு மாறியிருந்தான். திருப்பூரில் என் லைனில் இருந்தவர்கள் விவசாயிகளைத் திட்டினார்கள். கடன் வாங்கி நட்டவன் வயிறு எரிவது அவர்களுக்குத் தெரியவில்லை. மாமா ஒரு நாளும் யானையைத் திட்டி நான் கேட்டதில்லை. பயிர் நஷ்டத்துக்கு யாரிடம் எழுதிக் கொடுப்பது என்று அலைந்ததுதான் அவர் கோபம். ஒரு அலுவலகத்தில் அடங்கல் கேட்டார்களாம், இன்னொன்றில் போட்டோ.

அவனைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லித் தடாகத்துக்காரர்கள் கேட்டதும் நியாயம்தான். ஆனால் அவர்கள் காட்டில் தின்றவனை எங்கள் காட்டுக்கு மாற்றிவிட்டதைத் தவிர அந்த லாரி என்ன சாதித்தது? அங்கே யானைகள் நடமாடிய மலையடிவாரமெங்கும் செம்மண்ணைத் தோண்டிய செங்கல் சூளைகள் அப்போதும் புகைந்துகொண்டுதான் இருந்தன. அவற்றுக்குப் பூட்டு விழுந்தது 2021-ல்.

நீதிமன்றம் அனுமதித்த பிறகு, பிப்ரவரி 15-ல் கண்ணாடிப்புத்தூரில் பிடித்தார்கள். கலீமும் சுயம்புவும் துணை. ஊசி போட்ட பிறகும் நெடுநேரம் இழுபறி. லாரி கிளம்பியபோது, பயிர் போனவர்களே கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் அன்றைக்குக் கம்பெனியில் இருந்தேன். மாமா போனில் சொன்னது இது. போன லாரி வரகளியாறு மரக்கூண்டுக்குப் போனது. எண்ணமில்லை என்று சொன்னதற்கு மாறாக, கடைசியில் கும்கியாகவே பழக்கினார்கள்.

2023 பிப்ரவரியில் தருமபுரி பாலக்கோடு பக்கம் தந்தமில்லாத ஆண் யானையான ஒரு மக்னாவைப் பிடிக்கக் கூட்டிப் போன கும்கி, நம் சின்னத்தம்பி. பிடித்த மக்னாவைக் கொண்டுபோய் விட்டது அதே டாப்சிலிப் காட்டில். சில நாளில் அதுவும் மலையிறங்கி, பொள்ளாச்சி தாண்டி, கோவை நகரத்துக்குள்ளேயே நடந்தது. டிவியில் செய்தி ஓடும்போதே மாமாவிடமிருந்து போன்.

"மாப்பிள்ளை, அது மேக்க போகுதா, கெழக்க திரும்புதான்னு மட்டும் பாத்துச் சொல்லு. இந்த வருசமும் கரும்புதான் போட்டிருக்கறேன்."