பிளாக்பர்னும் பிராய்லர் கோழியும்

மொதல்லயே சொல்லிடுறேன் மக்களே, கால்பந்து பத்தி எனக்குத் தெரிஞ்சது ரொம்பக் கம்மி. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவுல இருக்கிற எங்க ஊர்ல விளையாட்டுன்னா கபடி, வாலிபால், மக்காச்சோளம் அறுத்து காடு காலியானதும் கிரிக்கெட். அவ்வளவுதான். ஆஃப்சைடுன்னா என்னன்னு ஆபீஸ் கேன்டீன்ல ஒருத்தன் உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் நகர்த்தி நகர்த்தி விளக்கினான். அப்பவும் அரைகுறையாத்தான் புரிஞ்சுது. அதனால ஆட்ட விமர்சனம் எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். இது பாதிக்கு மேல கோழிக்கதை.

2024 ஆரம்பத்துல மூணு மாசம் ஆன்சைட்னு மான்செஸ்டருக்கு அனுப்பினாங்க. அங்க போற நம்மாளுங்க எல்லாரும் யுனைடெட் இல்லன்னா சிட்டி மைதானத்து வாசல்ல நின்னு ஒரு போட்டோ எடுத்துப்பாங்க. நான் விக்டோரியா ஸ்டேஷன்ல ரயில் ஏறி, ஒரு மணி நேரம் வடக்கே இருக்கிற பிளாக்பர்னுக்குப் போனேன். டேமேஜர் "அங்க என்ன இருக்கு?"ன்னு கேட்டார். "எங்க அப்பா தொழில் சம்பந்தமா ஒரு வேலை"ன்னேன். முழுப் பொய்யும் இல்ல அது.

விஷயம் என்னன்னா, பிளாக்பர்ன் ரோவர்ஸ்ங்கிற அந்த கிளப்போட முதலாளி நம்ம ஊர்க் கோழிக் கம்பெனி. புனேயைச் சேர்ந்த வெங்கீஸ். 2010 நவம்பர்ல 23 மில்லியன் பவுண்டு குடுத்து வாங்கினாங்க. எங்க அப்பா பிராய்லர் கோழி வளர்க்கிறவர். (அவருக்குக் குஞ்சு குடுக்கிறது வேற கம்பெனி, பேர் வேணாம்.)

இந்தத் தொழில் தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் விளக்கிடுறேன். எங்க கொட்டகை 250 அடி நீளம், 20 அடி அகலம். அஞ்சாயிரம் குஞ்சு புடிக்கும். பொறந்து ஒரு நாள் ஆன குஞ்சைக் கம்பெனி வேன்ல கொண்டுவந்து இறக்கும். தீவனம், மருந்து எல்லாம் அவங்களோடது. கொட்டகை, தண்ணி, கரண்டு, தரையில பரப்புற நார்க்கழிவு, ராத்திரி முழிப்பு எல்லாம் நம்மளோடது. மொத வாரம் கரி அடுப்பு மூட்டி, பல்பு போட்டு, பச்சைக் குழந்தை மாதிரி பாக்கணும். நாப்பது, நாப்பத்தஞ்சு நாள்ல ரெண்டு கிலோ வந்துடும். ஒரு ராத்திரி லாரி வரும், எடை போட்டு அள்ளிட்டுப் போயிடுவாங்க. கிலோவுக்கு இவ்வளவுன்னு வளர்ப்புக் கூலி. கடையில கறி விலை ஏறினாலும் இறங்கினாலும் கூலி பெருசா அசையாது. செத்த குஞ்சு, தின்ன தீவனம் எல்லாத்துக்கும் கணக்கு உண்டு, கூலியில கழிப்பாங்க. சுருக்கமா, கோழி நம்மளது இல்ல. கொட்டகையும் அதுக்கு வாங்கின கடனும் நம்மளது.

நிற்க. ரயிலுக்கு வருவோம்.

பிளாக்பர்னுக்கு முன்னாடி டார்வன்னு ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். 1931 செப்டம்பர்ல வட்டமேஜை மாநாட்டுக்கு வந்த காந்தி, வேலை போன மில் தொழிலாளிகளைப் பாக்க வந்து தங்கினது இந்தப் பக்கம்தான். இந்தியால அந்நியத் துணி புறக்கணிப்பு நடந்த நேரம், இங்க நெசவு மில்லுங்க மூடிக் கிடந்துச்சு. அப்பவும் அவரைச் சுத்தி நின்னு ஆரவாரம் பண்ணியிருக்காங்க. பிளாக்பர்ன் தறிகள்ல ஒரு காலத்துல பெரும்பங்கு ஓடினதே நம்ம ஊர் வேட்டிதானாம். பருத்திக் காட்டுலேர்ந்து போன எனக்கு அந்த உயரமான மில் புகைபோக்கியைப் பாத்ததும் என்னமோ மாதிரி இருந்துச்சு.

இந்த கிளப்பைப் புரிஞ்சுக்க அந்த மில்லுங்களைப் புரிஞ்சுக்கணும். 1850ல வந்த தொழிற்சாலைச் சட்டத்தால சனிக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு மில்லை நிறுத்தணும்னு ஆச்சு. மூணு மணிக்குப் பந்தாட்டம்கிற பழக்கம் அப்படி வந்ததுதான்னு சொல்றாங்க. 1883ல இதே ஊரைச் சேர்ந்த பிளாக்பர்ன் ஒலிம்பிக்ங்கிற டீம், நெசவாளியும் பிளம்பருமா சேர்ந்து, ஈட்டன் பள்ளிக்கூடத்துப் பெரிய வீட்டுப் பிள்ளைகளை இறுதி ஆட்டத்துல தோக்கடிச்சு எஃப்.ஏ. கோப்பையை வாங்கினாங்க. தொழிலாளிங்க டீம் ஒண்ணு அந்தக் கோப்பையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. ஆறே வருஷத்துல அந்த கிளப் காணாமப் போச்சு. தாக்குப் பிடிச்சது ரோவர்ஸ். 1875ல ஆரம்பிச்சது. 1884, 85, 86னு வரிசையா மூணு வருஷம் கோப்பை. 1888ல உலகத்தோட முதல் கால்பந்து லீக் தொடங்கினப்ப அதுல இருந்த 12 கிளப்புல இதுவும் ஒண்ணு. 1890லேர்ந்து ஈவுட் பார்க்ங்கிற ஒரே மைதானம். நீலமும் வெள்ளையும் பாதிப் பாதியா வெட்டி ஒட்டின மாதிரி சட்டை. நம்மூர்ல கோயில் தேருக்கு எந்த வடம் யார் புடிக்கணும்னு தலைமுறை தலைமுறையா இருக்குமே, அந்த மாதிரி ஒரு சமாச்சாரம்.

முதலாளிங்க மேல இவங்களுக்கு எப்பவும் கோபம்னு நினைக்காதீங்க. மைதானத்துக்கு வெளிய ஒரு முதலாளிக்குச் சிலையே வெச்சிருக்காங்க. ஜாக் வாக்கர். இதே ஊர்ல பொறந்து, இரும்பு வியாபாரத்துல சம்பாதிச்சு, கம்பெனியை வித்துட்டு 1991ல கிளப்பை வாங்கினவர். அடுத்த வருஷம் 3.3 மில்லியன் பவுண்டுக்கு ஆலன் ஷியரரைக் கொண்டுவந்தார். 1995ல, கடைசி நாள் ஆட்டத்துல லிவர்பூல்கிட்ட தோத்தும்கூட, அந்தப் பக்கம் மான்செஸ்டர் யுனைடெட் ஜெயிக்காததால சாம்பியன்! அந்த வருஷம் ஷியரர் அடிச்சது 34 கோல். அதுவும் காசு குடுத்து வாங்கின கோப்பைதானேன்னு எனக்குத் தோணுச்சு. ஆனா சிலைக்குக் கீழ நின்னுக்கிட்டு அதை வாய்விட்டுச் சொல்ற தைரியம் வரல :)

இப்ப நம்மாளுங்க கதை. வெங்கீஸ் வாங்கி ஒரே மாசத்துல, அனுபவசாலியான மேனேஜர் சாம் அல்லார்டைஸை வீட்டுக்கு அனுப்பினாங்க. ரொனால்டினியோவைக் கூட்டிட்டு வரப்போறதாப் பேச்சு வேற. வரல. 2011ல ஆட்டக்காரங்க உடை மாத்துற அறையில உக்காந்து கோழிக்கால் கடிக்கிற மாதிரி ஒரு விளம்பரம் எடுத்தாங்க. 2012 மே மாசம், ஈவுட் பார்க்ல விகன் கூட ஆட்டம், தோத்தா கீழ் லீக். யாரோ ஒரு ரசிகர் கிளப் கொடியைப் போர்த்தி ஒரு உயிருள்ள கோழியை மைதானத்துக்குள்ள விட்டுட்டார். அன்னைக்குத் தோத்து கீழ இறங்கினாங்க. அதுக்கடுத்த சீசன்ல ஹென்னிங் பெர்க்ங்கிற மேனேஜர் 57 நாள் இருந்தார், மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள். எங்க வீட்டு பேட்ச் கணக்கு மாதிரியே இருக்குல்ல? 2017ல மூணாவது அடுக்குக்கே போனாங்க. பிரீமியர் லீக் ஜெயிச்ச கிளப் ஒண்ணு அவ்வளவு கீழ போனது அதுதான் முதல் தடவை. 2018ல ஒரு படி ஏறினாங்க.

அதே சமயம் இன்னொரு பக்கமும் சொல்லணும். இத்தனை வருஷத்துல 200 மில்லியன் பவுண்டுக்கு மேல இந்தக் கிளப்புக்குள்ள கொட்டியிருக்காங்கன்னு எல்லா இங்கிலாந்து பேப்பரும் எழுதுது. பக்கத்துல இருக்கிற பெரியை (1885ல தொடங்கின கிளப்பு) காசில்லாமத்தான் 2019ல லீக்ல இருந்தே தூக்கினாங்க. அந்தக் கதி இவங்களுக்கு வரல. 2022 மே மாசம் ரம்ஜான் பெருநாள் தொழுகையை ஈவுட் பார்க் புல்தரையிலயே நடத்த இடம் குடுத்தாங்க. இங்கிலாந்து கால்பந்து கிளப்புல அதுவே முதல் முறை. மில் வேலைக்குன்னு குஜராத்துலேர்ந்தும் பாகிஸ்தான்லேர்ந்தும் வந்த குடும்பங்களோட பேரன் பேத்திங்க இந்த ஊர்ல நிறைய. ஆனா கேலரியில உக்காந்து பாத்தா அந்த முகங்க கம்மியாத்தான் தெரிஞ்சுது. அது தனியா எழுத வேண்டிய விஷயம்.

நான் போனது ஒரு சனிக்கிழமை, மூணு மணி ஆட்டம். 31 ஆயிரம் பேர் உக்காரலாம், பாதி இருக்கை காலி. கையில சுடச்சுட ஒரு உருளைக்கிழங்கு பை. பக்கத்து சீட்ல எழுபது வயசு மதிக்கத்தக்க ஒரு பெரியவர், பேரனோட. என் மூஞ்சியைப் பாத்துட்டு, "இந்தியாவா? புனேயா?"ன்னார்.

"இல்லீங்க, அதுக்கும் ரொம்பத் தெக்கே."

"அப்பா என்ன பண்றார்?"

"கோழி வளர்க்கிறார்."

ரெண்டு செகண்ட் அமைதி. அப்புறம் முன் வரிசை, பின் வரிசை எல்லாம் சிரிச்சுது. "தம்பி, இங்க அதைச் சத்தமாச் சொல்லாதீங்க"ன்னார்.

இடைவேளையில அவரே கேட்டார், அந்தத் தொழில் எப்படி நடக்குதுன்னு. மேல உங்களுக்குச் சொன்ன கணக்கை அவருக்கும் சொன்னேன். குஞ்சு அவங்களோடது, கொட்டகை எங்களோடதுன்னு. பொறுமையாக் கேட்டவர், "அப்ப நாங்களும் கொட்டகைக்காரங்கதான்"ன்னார். அப்புறம் ஒரு பையன் கதை சொன்னார். ஆடம் வார்ட்டன். பிளாக்பர்ன்லயே பொறந்தவன், ஆறு வயசுல கிளப்புக்கு வந்தவன். பத்தொம்பது வயசு, இப்பத்தான் காய்ச்சான். நான் போறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான், பிப்ரவரி 1ம் தேதி, 18 மில்லியன் பவுண்டுக்கு லண்டன்ல இருக்கிற கிரிஸ்டல் பேலஸ் கிளப்புக்கு வித்துட்டாங்க. (அதே ஜூன்ல அவன் இங்கிலாந்துக்கே ஆடினான்.) இந்தியாவிலிருந்து பணம் அனுப்ப டெல்லி உயர் நீதிமன்றத்துல அனுமதி கேட்டு நிக்கிற நிலைமை முதலாளிகளுக்கு, அதனால இருக்கிறதை வித்துத்தான் ஓட்டணும்னு அவரே விளக்கினார். கோபமாக் கூட சொல்லல. லாரி வந்துட்டுப் போன மறுநாள் அப்பா காலிக் கொட்டகையைக் கூட்டுவாரே, அந்தக் குரல்.

"இவ்வளவு வருத்தம்னா ஏன் வர்றீங்க?"ன்னு கேட்டுட்டேன். நாலு வருஷம் வராம இருந்தாராம், எதிர்ப்பு காட்டி. சனிக்கிழமை மூணு மணிக்கு வீட்ல உக்காந்து கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு இருந்ததுதான் மிச்சமாம். அப்புறம் பேரன் கேட்டான், வந்துட்டேன்னார்.

எனக்கு இது சும்மா கேட்ட கேள்வி இல்ல. எங்க வீட்ல ரெண்டு வருஷமா இதே வழக்குதான். கொட்டகையைப் பிரிச்சுட்டு மக்காச்சோளமோ சின்ன வெங்காயமோ போடுங்கன்னு நான். கடன் முடியட்டும்னு அப்பா. மீதிக் கடனை நான் கட்டுறேன்னா அதுக்கும் பதில் இல்ல. ஒரு பேட்ச்ல வெயிலுக்கு ஐநூறு கோழி செத்து, கூலியில புடிச்சது போக வந்தது கரண்டு பில்லுக்கும் கரிக்கும் பத்தல. அப்பவும் அடுத்த பேட்சுக்குச் சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டு இருந்தார். அம்மா என்கிட்ட தனியா, "அவரைக் கொட்டகைக்குள்ள போகாம இருக்கச் சொன்னா என்னடா பண்ணுவார்?"னு கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியல. ஈவுட் பார்க் பெரியவர் சொன்னது என் கட்சிக்கு உதவல, அப்பா கட்சிக்குத்தான் உதவுது. அதுக்காக நான் கட்சி மாறல. கணக்குன்னா கணக்குதான்.

2025 ஜூலைல இங்கிலாந்துல கால்பந்து கிளப்புகளுக்குன்னே ஒரு சட்டம் வந்திருக்கு. முதலாளியே ஆனாலும் கிளப் சின்னத்தையோ சட்டைக் கலரையோ ரசிகர்கள் சம்மதம் இல்லாம மாத்த முடியாது, மைதானத்தை விக்கணும்னா கண்காணிப்பு அமைப்போட அனுமதி வேணும். கொட்டகைக்காரனுக்குக் கொஞ்சம் பிடி. நம்ம தமிழ்நாடும் சளைச்சதில்ல, ஒப்பந்தப் பண்ணையத்துக்குன்னு நாட்டுலயே முதல்ல தனிச் சட்டம் 2019ல போட்டோம், கால்நடையும் அதுல உண்டு. அப்பாகிட்ட கேட்டேன். "அப்படியா, எப்போ?"ன்னார்.

ஆட்டம் பாத்த மறுநாள் காலைல ஊருக்குப் போன் போட்டேன். நம்ம நாட்டுக் கோழிக் கம்பெனி ஒரு பந்தாட்ட கிளப்பை வாங்கினது, ஜனங்க கோபத்துல மைதானத்துக்குள்ள கோழியை விட்டது எல்லாத்தையும் சொன்னேன். அப்பா முழுசாக் கேட்டுட்டு, "என்ன கோழிடா, பிராய்லரா நாட்டுக்கோழியா?"ன்னார்.

"தெரியலப்பா. வீடியோல கொஞ்ச நேரம் சுத்திக்கிட்டு இருந்துச்சு."

"அப்ப நாட்டுக்கோழிதான். பிராய்லரா இருந்தா நாலடி நடந்து உக்காந்திருக்கும். சரி வை, நாளைக்குக் குஞ்சு இறக்குறாங்க, கரி வாங்கப் போகணும்."