ஃபியூஸ் ஏன் உருகியது?

நாமக்கல்லில் லாரி வேலை நடக்காத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாடி கட்டுபவர், டிங்கர், பெயின்டர், ஸ்பிரிங் பட்டை வேலை பார்ப்பவர் என்று ஆளுக்கொரு பட்டறை. இவர்களில் என் மதிப்பு கூடிக்கொண்டே போவது ஒயரிங் பார்க்கும் எலக்ட்ரீசியன்கள் மேல்தான். தகரத்தில் விழுந்த ஓட்டை கண்ணுக்குத் தெரியும். மின்சாரம் எங்கே நின்றுபோனது என்பதை யோசித்துத்தான் பிடிக்க வேண்டும்.

நான் ஓர் ஒயரிங் பட்டறைக்குப் போயிருந்த அன்று, கட்டி இழுத்து வந்த பழைய பத்துச் சக்கர லாரி ஒன்று வாசலில் நின்றது. சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. செல்ஃப் எடுக்கவில்லை. மேஸ்திரி ஸ்பேனரைத் தொடவில்லை.

"கடைசியா இதுல என்ன வேலை பாத்தாங்க?"

"பாடில வெல்டிங் வெச்சாங்கண்ணே. பேட்டரியக் கழட்டி மாட்டறப்ப பெரிய பொறி வந்துச்சு. ஒடனே மாத்திப் போட்டுட்டாங்க" என்றார் டிரைவர்.

பாதி வேலை அந்தப் பதிலிலேயே முடிந்தது.

லாரியில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு சேர்ந்து 24 வோல்ட் தரும். பெட்டிக்குள் ஒன்றைத் திருப்பி வைத்திருந்தால் பிளஸ், மைனஸ் கேபிள்கள் மாறிப்போவது எளிது. மல்டிமீட்டர் 25 வோல்ட் காட்டியது, பேட்டரியில் குறையில்லை. அங்கிருந்து ஒயரின் வழியே டெஸ்ட் லேம்பை வைத்துக்கொண்டே போனார். மெயின் ஃபியூஸ் லிங்க்குக்கு முன்னால் விளக்கு எரிந்தது, பின்னால் எரியவில்லை.

அவசரக்காரர் புது லிங்க் போட்டு வண்டியை அனுப்பியிருப்பார். மேஸ்திரி ஆல்டர்னேட்டரிடம் போனார். அதற்குள் இருக்கும் டையோடுகள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் மதகுகள். பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் அத்தனையும் திறந்துகொள்ளும். பாய்கிற மின்சாரத்தில் லிங்க் உருகும். டையோடும் கெட்டிருந்தால் புது லிங்க்கும் போட்டதும் போய்விடும். அப்போதுதான் சிலர் லிங்க் இருந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றுகிறார்கள். வண்டி தீப்பிடிக்க அது போதும். இந்தக் குறுக்குவழியை எந்தப் பட்டறையிலும் மன்னிக்கக் கூடாது.

ஆல்டர்னேட்டர் கேபிளைக் கழற்றி டேப் சுற்றி ஒதுக்கிவிட்டு, அதே ஆம்பியர் அளவில் புது லிங்க் போட்டார். செல்ஃப் அடித்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கம்ப்யூட்டர் இல்லாத பழைய வண்டி என்பதால் இத்தோடு போயிற்று. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டி என்றால் ஈசியூ என்னும் கம்ப்யூட்டர் வரை சோதிக்க வேண்டியிருக்கும். சென்சார் ஒயரில் டெஸ்ட் லேம்ப் வைப்பதே ஆபத்து. அதையும் இவர் வேலைக்கு நடுவில்தான் கற்றுக்கொண்டிருக்கிறார்.

ஆல்டர்னேட்டரைப் பிரித்துச் சோதித்தபோது இரண்டு டையோடுகள் இரு திசையிலும் மின்சாரத்தை விட்டன. டையோடு பிளேட்டை மாற்றிப் பூட்டியதும் மீட்டர் 28 வோல்ட் காட்டியது; சார்ஜ் ஏறுகிறது.

அதற்குப் பிறகும் வண்டியை விடவில்லை. பேட்டரி மாட்டிய பையனைப் பாடிப் பட்டறையிலிருந்து வரச் சொன்னார். திட்டவில்லை.

"தொட்டுப் பாரு தம்பி. பிளஸ் மொன தடிமனா இருக்கும், மைனஸ் சன்னமா இருக்கும். மைனஸ மொதல்ல கழட்டோணும், கடைசியா மாட்டோணும்."

சொல்லிவிட்டு, அவன் கையாலேயே இரண்டு கேபிளையும் கழற்றி மாட்டச் செய்தார்.