ஆதவனுக்கும் நாற்பத்தைந்து

போன மாதம் எனக்கு நாற்பத்தைந்து முடிந்தது. கேக் எல்லாம் கிடையாது, பால் பாயசம்தான். அன்றைக்கு ராத்திரி படுக்கும்போது மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது (வங்கிக்காரன் புத்தி, எதை எடுத்தாலும் கழித்தல் கூட்டல்). 1942-ல் பிறந்து 1987-ல் போனார் ஆதவன். நாற்பத்தைந்து.

ஆதவனைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இயற்பெயர் கே.எஸ்.சுந்தரம். பிறந்தது கல்லிடைக்குறிச்சி, வளர்ந்ததும் வேலை பார்த்ததும் பெரும்பாலும் தில்லி. கொஞ்ச காலம் ரயில்வேயில் இருந்தார், பிறகு நேஷனல் புக் டிரஸ்ட். ஆபீஸ் விட்டு வந்து எழுதிய மனிதர். 'காகித மலர்கள்', 'என் பெயர் ராமசேஷன்' என்று இரண்டு நாவல்களால் இன்றைக்கும் பேசப்படுகிறார். சிறுகதைகள் நிறைய. 'புழுதியில் வீணை' என்று பாரதியை வைத்து ஒரு நாடகமும் உண்டு. 1987 ஜூலையில் சிருங்கேரியில் துங்கா நதியில் குளிக்கப் போனவரை வெள்ளம் கொண்டு போய்விட்டது. அந்த வருஷத்து சாகித்ய அகாதெமி விருது 'முதலில் இரவு வரும்' சிறுகதைத் தொகுப்புக்குக் கிடைத்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

தாமிரபரணிக் கரையில் பிறந்து, யாரும் இறங்கிக் குளிக்கத் துணியாத யமுனை ஓடும் ஊரில் வாழ்ந்து, துங்கையில் போய் முடிந்த வாழ்க்கை. இதை நினைத்தாலே ஒரு மாதிரி ஆகிவிடும் எனக்கு.

தில்லிக்கும் தமிழ் எழுத்துக்கும் உள்ள உறவு ஊரில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. 'கணையாழி' 1965-ல் இங்கேதான் ஆரம்பமானது. நியூயார்க் டைம்ஸ் நிருபராக இருந்த கி.கஸ்தூரிரங்கன் நடத்தினார். தி.ஜானகிராமன் ஆல் இந்தியா ரேடியோவுக்காக இங்கே வந்து பல வருஷம் இருந்தார். இந்திரா பார்த்தசாரதி தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்தார். சுஜாதா விமானத் துறை உத்தியோகத்தில் இங்கே கொஞ்ச காலம். இவ்வளவு பேர் இருந்த ஊரில் எனக்கு ஏன் ஆதவன் மட்டும் இவ்வளவு ஒட்டிக்கொண்டார்?

தி.ஜா. தில்லியில் உட்கார்ந்தும் காவேரியைத்தான் எழுதினார் என்று நான் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். ஆனால் படிக்கும்போது எனக்கு அப்படித்தான் இருக்கிறது. இ.பா.வின் தில்லி, அதிகாரத்தைச் சுற்றி வரும் புத்திசாலிகளின் தில்லி. ஆதவனின் தில்லியோ பஸ் ஸ்டாப், செக்ஷன், கேன்டீன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவருடைய ஒரு கதையின் தலைப்பே 'ஞாயிற்றுக்கிழமைகளும் பெரிய நகரமும், அறையில் ஓர் இளைஞனும்'. டிரான்ஸ்பரில் வந்து முதல் ஆறு மாதம் கரோல் பாகில் ஒற்றை அறையில் காலம் தள்ளிய எவனுக்கும் அந்தத் தலைப்பு ஒன்றே போதும், கதை அப்புறம்.

இப்போது இருப்பது லக்ஷ்மிபாய் நகர். மனைவிக்கு மத்திய அரசு வேலை, அவள் புண்ணியத்தில் குவார்ட்டர்ஸ். பக்கத்தில் ஐ.என்.ஏ. மார்க்கெட், முருங்கைக்காயும் சேனையும் கிடைத்துவிடும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று இங்கேயே இருக்கிறது. இந்த மாதிரி அரசுக் காலனிகளில் ஒரு வேடிக்கை உண்டு. வீட்டு டைப்பைச் சொன்னால் போதும், மனுஷன் என்ன கிரேடு, எவ்வளவு சம்பளம், யார் யாருக்கு முதலில் வணக்கம் சொல்ல வேண்டும் எல்லாம் தெரிந்துவிடும். ஒருவர் பதவி உயர்வு பெற்றால் வீடு மாறும், வீடு மாறினால் நடை மாறும். வாக்கிங் போகும்போது இதைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் 'காகித மலர்கள்' பசுபதி ஞாபகம் வருகிறார்.

பசுபதி பெரிய அரசு அதிகாரி. மனைவி பாக்கியம், மூன்று பிள்ளைகள். மூத்தவன் விசுவம் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறான். ஒரே குடும்பம், ஆனால் ஆளுக்கொரு வேஷம். அடுத்தவர் கண்ணில் தான் எப்படித் தெரிகிறோம் என்ற கவலை எல்லோரையும் அரித்துக்கொண்டே இருக்கிறது. கதை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. மனசுக்குள் நடப்பதுதான் எல்லாம். நா.பார்த்தசாரதியின் 'தீபம்' இதழில் தொடராக வந்தபோது மாதாமாதம் காத்திருந்து இதை எப்படிப் படித்தார்கள் என்று எனக்கு ஆச்சரியம்தான்.

முதல் தடவை படித்தபோது எனக்கு இருபத்திரண்டு வயசு. பி.காம். முடித்து பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். 'அட, எல்லோரும் போலிகள்' என்று ஒரு சந்தோஷம். அந்த வயசில் ஊரே போலி, நாம் மட்டும் அசல்! இரண்டாம் தடவை தில்லி வந்த பிறகு. அப்போதுதான் ஆதவன் யாரையும் போலி என்று திட்டவே இல்லை என்று புரிந்தது. கவுன்ட்டரில் இந்தியில் கும்பிடு போட்டுச் சிரிக்கிறேன். ஜோனல் ஆபீஸ் போன் வந்தால் ஆங்கிலத்தில் முதுகு வளைகிறது. வீட்டில் தமிழில் கத்துகிறேன். இதில் எது நான்? மூன்றும்தான். இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அதற்காக நம்மைக் கூண்டில் ஏற்றாதவர் ஆதவன். அவருடைய ஆட்கள் பாவனை செய்கிறார்கள், பாவனை செய்கிறோம் என்பதும் அவர்களுக்குத் தெரிகிறது, தெரிந்தும் விட முடியவில்லை. வெளியூரில் பிழைக்கிற எல்லோருக்கும் இது தெரிந்த அவஸ்தைதானே?

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. எல்லாப் பாத்திரங்களும் அளவுக்கு மீறி யோசிக்கிறார்கள். சில இடங்களில் 'சரி சார், போதும், அந்தப் பெண்ணிடம் வாயைத் திறந்து பேசுங்களேன்' என்று சொல்லத் தோன்றும். பெண்கள் பல நேரம் ஆணின் அலசலுக்குப் பொருளாகத்தான் வருகிறார்கள். 'சிவப்பா, உயரமா, மீசை வச்சுக்காமல்' மாதிரி ஒரு பெண்ணின் மனசுக்குள் போய் எழுதிய கதைகளும் உண்டு, இருந்தாலும் தராசு சாய்வது இந்தப் பக்கம்தான். அவர் காட்டும் உலகமும் சின்னது. குமாஸ்தாவிலிருந்து செகரெட்டரி வரைக்கும், மேல்ஜாதி, நடுத்தர வர்க்கம். அந்த வீடுகளுக்குக் காய்கறி கொண்டு வந்தவர்களும் பாத்திரம் தேய்த்தவர்களும் அதிகம் பேசுவதில்லை. தில்லிக்கு வந்த தமிழர்கள் எல்லோரும் செக்ஷன் ஆபீசர்கள் இல்லை. ஜங்புரா பக்கம் சேலம், விழுப்புரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து வாழ்ந்த குடும்பங்கள் எத்தனை! அவர்களுக்கு ஓர் ஆதவன் கிடைக்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் அவர்தான் என் ஆள். அதை மாற்றிக்கொள்ள முடியாது.

விஷயம் இப்போது என் பெண்ணிடம் வந்து நிற்கிறது. அவளுக்குப் பத்தொன்பது, காலேஜ் இரண்டாம் வருஷம். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிப்பதென்றால் எழுத்துக் கூட்டித்தான். இரண்டு மாதம் முன்னால் 'என் பெயர் ராமசேஷன்' எடுத்து ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நாலைந்து பக்கம் வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன். 1980-ல் வந்த நாவல். ரஷ்ய மொழிக்கெல்லாம் போயிருக்கிறது, விதாலி ஃபுர்னிகா மொழிபெயர்த்தார். ரஷ்யாக்காரன் படித்த புத்தகத்தை லக்ஷ்மிபாய் நகரில் இருக்கும் தமிழ்ப் பெண் படிக்கக் கூடாதா என்று எனக்கு ஒரு வீம்பு.

ராமசேஷன் காலேஜ் பையன், கதையை அவனே சொல்கிறான். வீட்டில் பெண்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட அப்பா. வெளியே பணக்கார நண்பன் ராவ். இவன் எல்லோரையும் எடை போட்டுக்கொண்டே, தன்னை மற்றவர்கள் எடை போடுவதற்கும் பயந்துகொண்டே இருக்கிறான். மூன்றாம் நாள் அவள் சிரித்தாள். "அப்பா, இவன் இன்ஸ்டாகிராம்ல இருந்திருக்கணும்" என்றாள். பிறகு ஒரு நாள் சிரிக்காமல் கேட்டாள்: "அந்த அப்பா பாவம்தான். ஆனா ஏன் ஒரு தடவைகூட மனசுல இருக்கறத பையன்கிட்ட சொல்ல மாட்டேங்கறார்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. என் மனைவி மட்டும் சமையலறையிலிருந்து, "நல்லா கேளுடி" என்றாள்.

நான் இத்தனை வருஷமாக ராமசேஷன் பக்கம் நின்றே படித்திருக்கிறேன். அந்த அப்பாவுக்கு என் வயசுதான் இருக்கும் என்று யோசித்ததே கிடையாது. ஆதவன் இருந்திருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். அறுபது வயசில் அந்த அப்பாவின் மனசுக்குள் போய் ஒரு நாவல் எழுதியிருப்பாரோ என்னவோ. இளைஞனைப் பற்றி அவ்வளவு தெரிந்தவருக்கு, வயசானவனாக இருந்து பார்க்க வாய்ப்பில்லாமல் போனது.

விருது, ரஷ்ய மொழிபெயர்ப்பு, 2000-க்குப் பிறகு வந்த மறுபதிப்புகள் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். புதிதாக யாராவது படிக்க வந்தால் நாவலை விடச் சிறுகதைகளில் ஆரம்பிக்கலாம் என்பேன். 'நிழல்கள்' நல்ல தொடக்கம்: ஒரு பையன், ஒரு பெண், விடைபெறும் நேரம், அவ்வளவுதான். ராமகிருஷ்ணபுரம் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போகிறவர்கள் அங்கே தேடிப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் ராமசேஷன் பாதி தாண்டியாகிவிட்டது. போன வாரம் எனக்கு வருஷக் கணக்கு முடிக்கும் வேலை, வீடு திரும்ப ஒன்பதரை ஆனது. அவளே நாலு பக்கம் படித்து முடித்திருந்தாள், ஒன்றரை மணி நேரம் ஆயிற்றாம். தெரியாத வார்த்தைகளுக்கு அடியில் பென்சில் கோடு. அதில் 'பாவனை' இல்லை, நான் பார்த்தேன். 'சாவகாசம்' இருந்தது.