ஜூலி சாப்பிட்டாச்சா?

'தான் போக வழியில்லாத மூஞ்சூறு, விளக்குமாற்றையும் கவ்விக்கொண்டு போனதாம்' என்று ஒரு பழமொழி உண்டு. பிளாட்பாரத்தில் குடியிருக்கிற ஒருவர் நாய் வளர்ப்பதைப் பார்த்தால் நம் ஆட்கள் சட்டென்று உருவும் ஆயுதம் இதுதான். எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க் இதை வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்வார். "தனக்கே சோத்துக்கு லாட்டரி... இதுல நாய்க்கு வேற பொறையா? கொழுப்புதானே சார்?" அவர் வீட்டில் ஒரு பொமரேனியன் இருக்கிறது. அதற்கு ஏ.சி. ரூம். அதுவும் சொந்தமாகச் சம்பாதிக்கிற மாதிரி தெரியவில்லை.

நான் தினமும் சென்ட்ரலில் இறங்கி, வால்டாக்ஸ் ரோடு வழியாக நடந்து, யானைக்கவுனி பக்கம் திரும்பி ஆபீஸ் போகிறவன். பஸ் உண்டு. ஆனால் பஸ் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. அப்படி நடக்கிற வழியில்தான் அந்தக் குடும்பம். புருஷன், பெண்டாட்டி, எட்டாவது படிக்கிற ஒரு மகள், ஒரு மீன்பாடி வண்டி, ஒரு பிளாஸ்டிக் குடம், ஒரு சாமி படம். அப்புறம் ஜூலி.

ஜூலி கறுப்பு. நெஞ்சில் மட்டும் யாரோ சுண்ணாம்பைத் தெளித்த மாதிரி வெள்ளை. காதில் 'வி' மாதிரி ஒரு சின்ன வெட்டு. அது சண்டையில் வாங்கிய விழுப்புண் இல்லை. கருத்தடை ஆபரேஷன் முடிந்ததற்கு அடையாளம். சென்னையில் தெருநாய்களை ஷாக் கொடுத்துக் கொல்வதை நிறுத்திவிட்டு, மாநகராட்சி இந்தக் கருத்தடைத் திட்டத்துக்கு வந்தது 1996-ல். 'கொல்லாதே, குடும்பக் கட்டுப்பாடு செய்' என்று புளூ கிராஸ்காரர்கள் அதற்கு முப்பது வருஷம் முன்னாலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம்ம ஊரில் ஒரு நல்ல யோசனை மாடி ஏற அவ்வளவு காலம் ஆகும்.

அண்ணன் (பேர் வேண்டாம், வண்டிக்கார அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம்) சௌகார்பேட்டை கடைகளிலிருந்து பார்சல் ஆபீசுக்கு சரக்கு இழுப்பவர். அவருடைய அப்பாவும் அதே பிளாட்பாரம். தாத்தா செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவராம். மூன்று தலைமுறையாக ஒரே விலாசம், கதவு மட்டும் இல்லை. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் வீடில்லாதவர்கள் 17.7 லட்சம் பேர் என்று எழுதினார்கள். அதில் இவர்களும் இருந்திருக்க வேண்டும். இருந்தார்களா என்று கேட்டால், "யாரோ ராத்திரில டார்ச் அடிச்சிக்கினு வந்தாங்க சார். ஜூலியோட அம்மா துரத்திச்சு" என்கிறார். கணக்கு அந்த மட்டும்தான்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது டீக்கடையில். அவர் காலையில் இரண்டு டீ, நாலு பொறை வாங்குவார். முதல் பொறை ஜூலிக்கு. அது தின்று முடித்து வாலை ஆட்டிய பிறகுதான் அவர் டீயில் வாயை வைப்பார். ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஏண்ணே, நீங்க முதல்ல சாப்பிட்டா என்ன?"

"நம்ம பசி வாயத் தொறந்து கேக்கும் சார். அது கேக்காதே... குந்திக்கினு மூஞ்சியப் பாக்கும். அதுக்கு முன்னால எப்டி துன்றது?"

அமெரிக்காவில் லெஸ்லி இர்வின் என்று ஒரு சமூகவியல் பேராசிரியை, தெருவில் நாயோடும் பூனையோடும் வாழ்கிறவர்களைத் தேடிப்பிடித்துப் பேசி, 2013-ல் ஒரு புத்தகம் போட்டார். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'முதல் சாப்பாடு எப்பவும் என் நாய்க்குத்தான்'. அங்கேயும் போகிறவர் வருகிறவரெல்லாம் 'உனக்கெல்லாம் நாய் ஒரு கேடா?' என்று கேட்பார்களாம். அதற்கு அவர்கள் சொல்லும் பதில்தான் தலைப்பாகிவிட்டது. வால்டாக்ஸ் ரோட்டுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில் எத்தனை கடல் இருந்தாலும் ஹெட்கிளார்க்குகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஆனால் இதை வெறும் பாசம் என்று சொல்லிவிட்டுப் போனால் பாதிதான் சொன்னதாகும். மீதிப் பாதியை எனக்குச் சொன்னது அந்த அக்கா. ஒரு நாள் மழைக்கு அவர்கள் தார்பாய்க்குக் கீழே நானும் ஒதுங்கியபோது, பூண்டு உரித்துக்கொண்டே சொன்னார்.

"உங்களுக்கு ராத்திரி தாப்பா இருக்குது. எங்களுக்கு இவதான் தாப்பா. பொண்ணு வயசுக்கு வந்தப்புறம் நான் முழுசாத் தூங்கி எத்தினி நாளாச்சு தெரியுமா சார்? குடிச்சிட்டு எவனாவது கிட்ட வந்தான்னா, இவ மொதல்ல உறுமுவா. அப்பால கொலைப்பா. அதுக்குள்ள நான் எந்திரிச்சிருவேன். இவ இல்லைன்னா நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி முழிச்சிருக்கணும். அவரு காலைல வண்டி இழுக்கணுமே..."

நான் ஒன்றும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? ஜூலி அந்தப் பெண்ணின் ஸ்கூல் பைமேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நைட் டூட்டி பார்த்த களைப்பு.

லண்டனில் இதே மாதிரி ஒரு கூட்டாளிக் கதை, ஆனால் அங்கே பூனை. ஜேம்ஸ் போவன் என்பவர் போதைப் பழக்கத்தில் விழுந்து, தெருவில் படுத்து, கிடார் வாசித்துக் காசு சேர்த்தவர். 2007-ல் அடிபட்ட ஓர் ஆரஞ்சு நிறப் பூனை அவரிடம் வந்து சேர்ந்தது. பாப் என்று பேர் வைத்தார். அவரிடம் இருந்த காசைப் பூனையின் மருந்துக்குக் கொடுத்தார். அது அவர் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு கூடவே வர ஆரம்பித்தது. அதுவரை அவரைத் தாண்டிப் போன ஜனங்கள் நின்று பேசினார்கள். 2012-ல் புத்தகம், 2016-ல் சினிமா. 2020-ல் பாப் செத்துப்போக, அடுத்த வருஷம் இஸ்லிங்டன் என்ற இடத்தில் அதற்குச் சிலையே வைத்துவிட்டார்கள். போவன் சொன்ன ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்னொரு உயிருக்குப் பொறுப்பு என்று ஆனபிறகுதான் பழக்கத்தை விட்டே ஆகவேண்டும் என்று தோன்றியதாம். வண்டிக்கார அண்ணனும் குவார்ட்டரை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. காரணம் ஜூலியா, அக்காவா என்று நான் ஆராயப் போவதில்லை. அக்காவின் குரலும் ஜூலியின் குரலுக்குக் குறைந்ததல்ல.

சரி, 'இவர்களுக்குத்தான் அரசாங்கக் காப்பகம் இருக்கிறதே, அங்கே போகக்கூடாதா?' என்று கேட்பீர்கள். உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொன்னது, பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்று. சென்னையிலும் காப்பகங்கள் இருக்கின்றன. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று பெரும்பாலும் பிரித்து வைத்திருப்பார்கள். புருஷன் ஓர் இடம், பெண்டாட்டி ஓர் இடம், வண்டி ஓர் இடம், நாய் எங்கே? இந்தக் கணக்குக்கு விடை 'பிளாட்பாரம்' என்றுதான் வரும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நம்மில் பாதிப் பேர் மொட்டைமாடியில் செல்போன் டவரைத் தேடிக்கொண்டிருந்த அந்த இரண்டு நாள். இவர்கள் இருந்த இடத்தில் முட்டிக்கு மேல் தண்ணீர். யாரோ வந்து பக்கத்தில் ஒரு கட்டடத்துக்குப் போகச் சொன்னார்கள். எந்தக் கட்டடம் என்பது முக்கியமில்லை. வாசலில் நின்ற ஆசாமி, "ஆளுங்க மட்டும் வாங்க, நாய் கூடாது" என்றுவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. உள்ளே ஐம்பது பேர், கைக்குழந்தைகள், ஒரே ஒரு கக்கூஸ். அவர் கவலை அவருக்கு.

அண்ணன் பெண்டாட்டியையும் மகளையும் உள்ளே அனுப்பிவிட்டு, இரண்டு ராத்திரி வாசல் படிக்கட்டில் ஜூலியோடு உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு யூரியா சாக்கு. அதில் பாதி ஜூலிக்கு. உள்ளேயிருந்து பொட்டலம் வரும்போதெல்லாம் மகள் ஜன்னல் வழியே கேட்பாளாம்: "அப்பா, ஜூலி சாப்பிட்டாச்சா?" அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டதாகத் தகவல் இல்லை. (அவரே சிரித்துக்கொண்டே சொன்னது.)

தர்மபுத்திரர் சொர்க்க வாசலில் இந்திரனிடம் பண்ணின அதே தகராறுதான். என்ன, அவருக்குக் கடைசியில் நாய் தர்மதேவதையாக மாறிக் காட்சி கொடுத்தது. இவருக்கு ஜலதோஷம்தான் வந்தது.

இது ஏதோ ஒரு வண்டிக்காரரின் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். 2005-ல் அமெரிக்காவில் கத்ரீனா புயல் அடித்தபோது, வளர்த்த நாயையும் பூனையையும் விட்டு வரமாட்டோம் என்று எத்தனையோ பேர் வெள்ளத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வீடு வாசல் உள்ளவர்கள்தான். அரசாங்கம் யோசித்தது. மனுஷனைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவன் நாயையும் சேர்த்துத் தூக்கவேண்டும் என்று புரிந்துகொண்டு, அடுத்த வருஷமே அதற்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். இங்கிலாந்தில் 2016-ல் இரண்டு கால்நடை டாக்டர்கள் ஆரம்பித்த 'ஸ்ட்ரீட்வெட்' என்ற அமைப்பு தெருவில் இருப்பவர்களின் நாய்களுக்கு இலவச வைத்தியம் பார்க்கிறது. நாயோடு வருகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளும்படி விடுதிகளைத் தயார்செய்து, அங்கீகாரமும் கொடுக்கிறது. பெரிய விஞ்ஞானம் இல்லை. வாசலில் 'நாய் கூடாது' போர்டைக் கழற்றுவதற்குக் கொஞ்சம் ஏற்பாடு, அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு, 'போன மாசம் என் பையனைத் தெருநாய் கடித்ததே, அதற்கு என்ன சொல்கிறாய்?' என்று யாராவது கேட்டால், கேள்வி நியாயம்தான். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வரும்போது நாலு நாய் துரத்தினால் எனக்கும் ஜீவகாருண்யம் நினைவுக்கு வராது. வெறிநாய்க்கடி வந்தபின் பிழைப்பது ஏறக்குறைய கிடையாது. கடித்த உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓடி ஊசி போட்டே ஆகவேண்டும். ஆனால் ஜூலியைப் போன்ற நாய், தெருநாயா வளர்ப்பு நாயா? இங்கேதான் சிக்கலே.

2025-ல் இந்த நாய் விவகாரம் டெல்லி வரைக்கும் போனது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பிடித்த நாய்களுக்குக் கருத்தடையும் ஊசியும் போட்டு (வெறி பிடித்தவை, மூர்க்கமானவை தவிர) பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பரில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இடங்களில் பிடித்தவற்றைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்றது. வண்டிக்கார அண்ணன் குடும்பம் இருப்பது ரயில்வே காம்பவுண்டு சுவரை ஒட்டி! டீக்கடையில் யாரோ பேப்பரை உரக்கப் படிக்க, அன்றைக்கு அவர் டீ குடிக்கவே இல்லை.

"சார், இவளத் தூக்கிருவாங்களா?"

தெருநாய் என்றால்தானே தூக்குவார்கள்? வளர்ப்பு நாய் என்று லைசென்ஸ் வாங்கிவிட்டால்? அந்த வருஷக் கடைசியில்தான் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு லைசென்ஸையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். வெறிநாய்த் தடுப்பூசி போட்ட சான்று வேண்டும். அண்ணன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, ஜூலியை மீன்பாடி வண்டியிலேயே உட்காரவைத்து வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். வேப்பேரி ஹை ரோட்டில் கார் ஜன்னல்களிலிருந்து எட்டிப் பார்த்த ஜாதி நாய்களை ஜூலி ஒரு மகாராணி தோரணையில் பார்த்துக்கொண்டே வந்ததாம். ஊசி போட்டாயிற்று. அட்டை கையில் கிடைத்தது. அதை அவர் சாமி படத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறார்.

விண்ணப்பத்தை என் செல்போனில் நிரப்பினோம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பெல்லிங் சரிபார்த்தாள். உரிமையாளர் பெயர், ஆச்சு. நாயின் பெயர், ஆச்சு. நிறம், ஆச்சு. இனம் என்ற இடத்தில் 'நாட்டு நாய்'. போட்டோவுக்கு ஜூலி மூன்று தடவை கண்ணை மூடி, நாலாவது தடவை ஒழுங்காகப் பார்த்தது. அடுத்தது விலாசம். அதற்குச் சான்று.

நான் நிமிர்ந்து பார்த்தேன். மூன்று தலைமுறை.

"எதிர்க்க கடை நம்பரப் போடு சார்" என்றார் அக்கா.

"அது சேட் கடை. அவரு கரண்ட் பில்லைக் கேப்பாங்க. அவரு குடுக்கணுமே" என்றார் அண்ணன்.

"ராத்திரி அவரு ஷட்டரையும் சேத்துத்தானே இவ காவல் காக்குறா? சும்மாவா? போய்க் கேளு!"

அண்ணன் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்தார். ஜூலியும் கூடவே போயிற்று. சேட் கல்லாவில் இருந்தபடியே இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். திரும்பி வந்த அண்ணன், "ஊட்டுல புள்ளையக் கேட்டுட்டு நாளைக்கு சொல்றேன்றாரு" என்றார்.

செல்போனில் அந்தப் பக்கம் 'நேரம் முடிந்தது' என்று மூடிக்கொண்டது. எனக்கும் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. மகள் கேட்டாள்: "அண்ணா, நாளைக்கும் இதே வழியாத்தானே வருவீங்க?"