வாசலில் ஒரு சேவகன் வேலை

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது பலரும் நட்பு, தாய்மை, தன்னம்பிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு பாட்டுக் குழுவைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள்.

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். வாப்பா ஐந்தாவதோடு நின்றவர்; மீனுக்கு ஐஸ் உடைக்கிற வேலை. மூன்றாவது செமஸ்டரில் எனக்கு இரண்டு அரியர் விழுந்தது. வீட்டில் சொல்லவில்லை. நாகூர் பஸ்ஸில் முகத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு நாள், பக்கத்து சீட் நண்பன் ஹெட்போனை என் காதில் மாட்டி, "கேளுடா மாப்ள" என்றான்.

அது 'அகம்'. 2003-இல் பெங்களூரில் தொடங்கிய குழு. ஹரிஷ் சிவராமகிருஷ்ணன் பாடுகிறார், வயலினும் வாசிக்கிறார். முதல் ஆல்பம் 2012-இலும் அடுத்தது 2017-இலும் வந்தன. அவர்கள் வாசிப்பது புரோக்ரசிவ் ராக். 1960-களின் கடைசியில் இங்கிலாந்தில் வளர்ந்த இசை இது. கிங் கிரிம்சன் குழுவின் முதல் ஆல்பம் 1969-இல் வந்தது. யெஸ் குழு 1972-இல் பதினெட்டு நிமிஷத்துக்கு ஒரே பாட்டைப் போட்டது. பாதியில் தாளம் மாறும், வேகம் மாறும், பாட்டே இல்லாமல் வாத்தியம் மட்டும் ஓடும். அகம் அந்தப் பழைய பாணியை எடுத்து, அதைவிடப் பழைய கர்நாடக சங்கீதத்தோடு சேர்த்திருக்கிறது.

உண்மையைச் சொன்னால், முதல் தடவை தலைவலிதான் வந்தது. மூன்றாவது தடவைதான் பிடிபட்டது. எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவர்களுக்கு இதில் தனி ருசி உண்டு. கிதார் கம்பி அதிர்ந்தால் கீழே காந்தத்தைச் சுற்றிய காயிலில் மின்னழுத்தம் பிறக்கிறது. நாம் படித்த ஃபாரடே விதிதான். ஆம்ப்ளிஃபயரில் அலையின் தலை வெட்டுப்பட்டால் லேபில் திட்டு விழும். ராக் கிதாருக்கு அந்த வெட்டுதான் குரலே!

எனக்குப் பிடித்தது 'ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி'. ஹம்சநாத ராகத்தில் தியாகராஜர் செய்த கிருதி அது. அவர் 1767-இல் பிறந்தது திருவாரூரில். என் பஸ் தினமும் போகிற ஊர்! எங்கள் தர்காவிலேயே கர்நாடக இசை கற்ற எஸ்.எம்.ஏ. காதர் ஆஸ்தான வித்வானாக இருந்திருக்கிறார். பக்கத்தில் இருந்ததை எனக்குக் காட்ட பெங்களூரிலிருந்து கிதார் வர வேண்டியிருந்தது.

ஒரு ராத்திரி கரண்ட் போயிருந்தது. திண்ணையில் போனில் அதைப் போட்டேன்.

"என்ன பாஷை தம்பி இது?"

"தெலுங்கு வாப்பா. வேலை கேட்டுப் பாடுறாரு."

"யார்கிட்ட?"

"ராமர்கிட்ட. உன் வாசல்ல சேவகனா நிக்கிற வேலை கொடுன்னு."

வாப்பா பாட்டு முடியும் வரை பேசவில்லை. பிறகு, "நானும் எத்தனையோ வாசல்ல நின்னிருக்கேன். இப்படி மரியாதையா கேக்கத் தெரியல" என்றார். ஐஸ் உடைத்து மரத்துப்போன விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. அப்போதுதான் அரியர் விஷயத்தைச் சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன். "முடிச்சிட்டுப் போய் நில்லு" என்று மட்டும் சொன்னார்.

ஒரு பேப்பரை முடித்துவிட்டேன். இன்னொன்று பாக்கி. அகம் குழுவில் இருப்பவர்கள் பல வருஷம் பகலில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டேதான் இந்த இசையை வளர்த்தார்கள். ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை என்பதற்கு வேறு சாட்சி எனக்கு வேண்டாம்.

நண்பர்களே, மூன்று தடவை கேளுங்கள். முடிந்தால் ஒரு தடவை உங்கள் வாப்பாவோடு, அப்பாவோடு உட்கார்ந்து கேளுங்கள்.